கதவைத் திறக்கச் சொன்ன மைனா

சாந்தோமில், கடற்காற்று ஜன்னல் கம்பிகளை அரித்துத் தின்னும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஃபிசா உயிரியல் டீச்சர். வயது நாற்பது. அவளுக்குப் பயம் என்பதே கிடையாது என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஒரு மழைக்காலத்தில் ஆய்வகத்துக்குள் சாரைப் பாம்பு வந்துவிட்டது. மற்ற டீச்சர்கள் பெஞ்சு மேல் ஏறி நிற்க, அவள் ஒரு துடைப்பக் கட்டையால் அதற்கு வழிகாட்டி, வாசல்வரை நடத்திக்கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தாள். இந்தக் கதை அந்தப் பள்ளியில் இன்னும் உலவுகிறது.

வீடு ராயப்பேட்டையில், மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில். மாடியில் இரண்டு அறை. கீழே அவளுடைய அப்பா, அவள் அத்தா என்று கூப்பிடும் அப்துல் கரீமின் மெத்தைக் கடை இருந்தது. இப்போது அங்கே செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். அத்தா இறந்து பத்து வருடம் ஆகிறது. பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்து, ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் இரண்டு முறை வறட்டு இருமல் இருமுவார். அவர் படியேறி வருவதை அந்த இருமலை வைத்துத்தான் வீட்டில் தெரிந்துகொள்வார்கள். இப்போது மாடியில் ஃபிசாவும் அவளுடைய அம்மா சகினாவும் மட்டும்.

ஓர் அண்ணனும் இருந்தான். ஹம்மாத். எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தான். எதிர்த்தாற்போல் இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலை செய்த ஹம்சாவை வீட்டில் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தான். அத்தா அவர்களைப் படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். சத்தம் போடவில்லை. அவர்கள் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இனிமேல் அவன் பேர் இந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது என்று மட்டும் சொன்னார். வரவில்லை. அம்மா தூக்கத்தில்கூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஆனால் ஒருமுறை தி.நகரில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, பனகல் பார்க் அருகே பாதையோரம் நடந்துபோன யாரையோ பார்த்துவிட்டு, சிக்னலில் பஸ் நின்றதும் இறங்கி ஓடியிருக்கிறாள். அது வேறு யாரோ. அத்தாவின் மௌத்துக்குப் பிறகு ஃபிசா அண்ணனைத் தேடினாள். பழைய நம்பர் வேறொருவரிடம் இருந்தது. துபாய் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். அதோடு விட்டுவிட்டாள்.

போன ஆகஸ்டில் எட்டாம் வகுப்பை அடையாறுக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். ஆலமரங்கள் அடைத்த பழைய பங்களா ஒன்றில் ஓர் அறக்கட்டளை நடத்தும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. பெரிய இடமில்லை. அதிகம் பேர் வருவதுமில்லை. துணைக்குப் பி.டி. மாஸ்டர் சாய்நாத் வந்தார். பஸ்ஸில் வழியெல்லாம் பாட்டும் கூச்சலுமாக வந்த பிள்ளைகள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலடி வைத்ததும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

உள்ளே பகலிலேயே இருட்டு. மருந்து வாடையும் பழைய மரத்தின் வாடையும் கலந்து அடித்தது. ஒரு கூடம் நிறைய ஜாடிகள். அவற்றில் வெளுத்துப்போன பாம்புகள், கண் திறக்காத குட்டிகள், இரட்டைத் தலைக் கன்று. அடுத்த கூடத்தில் கடற்பசுவின் எலும்புக்கூடு. அதன் முன்துடுப்பில் ஐந்து விரல் எலும்புகளைப் பார்த்த ஒரு பையன், இது ஆள் கை மாதிரி இருக்கிறதே என்று தன் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டான். பாடம் செய்த மிருகங்கள் இருந்த கூடத்தில் வர்ஷினி என்ற பெண் ஃபிசாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். எல்லாம் தன்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது என்றாள். கண்ணெல்லாம் கண்ணாடி மணி, உள்ளே இருப்பது வெறும் பஞ்சு என்று ஃபிசா விளக்கினாள்.

பறவைகளின் அறை கடைசியில் இருந்தது. அங்கே விளக்கே கிடையாது. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்குக் கீழேயும் ஒரு பொத்தான். அழுத்தினால் அந்தப் பெட்டிக்குள் மட்டும் வெளிச்சம் வரும். பறவை தெரியும், அதன் குரல் கேட்கும். பிறகு அணைந்துவிடும். பிள்ளைகளுக்கு உற்சாகம் திரும்பியது. குயில் கூவியது, செண்பகம் உறுமியது. ஆந்தைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பின்வாங்கிச் சிரித்தார்கள். மூலையில் இருந்த பெட்டியின் பொத்தானை வர்ஷினி அழுத்தினாள்.

வெளிச்சத்தில் ஒரு மலை மைனா தெரிந்தது. கருகருவென்ற உடம்பு, தலைக்குப் பின்னால் மஞ்சள் தோல் மடிப்பு, லேசாகத் திறந்த அலகு. முதலில் ஒரு சீழ்க்கை. பிறகு கொஞ்சம் மௌனம். பிறகு ஒரு வயதான ஆணின் குரல், மெதுவாக, மிக அருகில் நின்று பேசுவதுபோல் சொன்னது.

"ஃபிசா... கதவத் தொறம்மா."

அதைத் தொடர்ந்து இரண்டு வறட்டு இருமல். தாழ்ப்பாள் விலகும் சத்தம். ஒரு சின்னக் குழந்தையின் சிரிப்பு. விளக்கு அணைந்தது.

பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள். மைனா மிஸ்ஸைக் கூப்பிடுகிறது என்று ஒருவன் கத்தினான். பதில் வராததால் சிரிப்பு ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அடங்கியது. ஃபிசா இருட்டில் நின்றுகொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டித் தடவி, தானே பொத்தானை அழுத்தினாள். அதே வெளிச்சம், அதே அலகு, அதே குரல். மூன்றாவது முறை அவள் அழுத்தப் போனபோது வர்ஷினி அழத் தொடங்கிவிட்டாள். சாய்நாத் பிள்ளைகளை வேகமாக வெளியே தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

"இது எங்க அத்தா குரல், சார்."

"அவர் பேசினத இங்க ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்காங்களா?"

"எங்க அத்தா இந்தப் பக்கமே வந்ததில்ல, சார்," என்றாள் ஃபிசா.

பறவைப் பிரிவைக் கவனித்துக்கொண்டவர் அசோகன் என்ற நடுவயதுக்காரர். சாய்நாத் அவரைக் கூட்டிவந்தார். அசோகன் முதலில் சமாதானமாகத்தான் பேசினார். மலை மைனா கேட்ட குரலை அப்படியே வாங்கிக்கொள்ளும், இருமலைக்கூட விடாது, பலருக்கு இப்படித் தெரிந்தவர்கள் குரல்போலத் தோன்றும் என்றார். ஃபிசா அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டு, தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

அந்த மைனா பெருவெள்ளத்தின்போது வந்தது. அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் படகில் ஆள் தேடிப் போன தொண்டர்களில் அசோகனும் ஒருவர். எல்லா வீடும் காலி. மார்பளவு தண்ணீர். சத்தமே இல்லாத அந்தத் தெருவில், வெளியே தாழ் போட்ட ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் கதவைத் திறக்கச் சொல்லி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே இருமினார். தண்ணீரில் தாழ் இறுகியிருந்ததால் கதவை உடைத்தார்கள். உள்ளே பாத்திரங்களும் ஒரு குழந்தைச் செருப்பும் மிதந்தன. ஆள் யாரும் இல்லை. மேலே உத்தரத்தில், பாதி சரிந்த துணியோடு ஒரு கூண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"இருந்தாலும் தண்ணிக்குள்ள கை விட்டு விட்டுத் தேடினோம், மேடம். ஒரு மனுஷன் கூப்ட்டத எங்க காதால கேட்டோமே."

மைனாவை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதாலோ என்னவோ, யாரும் அதைக் கேட்டு வரவில்லை. அருங்காட்சியகத்தின் பின்பக்கக் கூண்டில் பல வருடம் இருந்தது. இருந்தபோது பதிவு செய்த குரல்தான் இது. செத்த பிறகு பாடம் செய்து வைத்தார்கள்.

ஃபிசா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். வெள்ளம் வந்தது அத்தா இறந்ததற்கு அடுத்த வருடம். அந்தத் தொண்டர்கள் கதவை உடைத்தபோது, அத்தா கபர்ஸ்தானில் மண்ணுக்குள் இருந்தார்.

அசோகனிடம் கேட்டுக்கொண்டு அந்தக் குரலைத் தன் போனில் பதிவு செய்துகொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது யாரும் பாடவில்லை.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். சமையலறையில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஒரு மாலையில், எதுவும் சொல்லாமல் போனை மேடை மேல் வைத்துப் போட்டுவிட்டாள். இருமல் கேட்டதும் அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். அவர் வந்துவிட்டார் என்பதுபோல. பிறகு அரிவாள்மணையை மடக்கிவைத்துவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னாள். கேட்டு முடித்ததும் ஃபிசா மைனாவைப் பற்றியும் அந்த ஆற்றங்கரை வீட்டைப் பற்றியும் சொன்னாள்.

"குரலு அவருதுதான். ஆனா உன்ன எப்ப அவரு ஃபிசான்னு கூப்ட்டாரு?"

உண்மைதான். பிறந்ததிலிருந்து சாகும்வரை அத்தா அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் பாப்பாதான். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. அப்படியானால் அவர் எந்த ஃபிசாவைக் கூப்பிடுகிறார்? யார் வீட்டுக் கதவு அது? சிரிப்பது யார்?

முதலில் அம்மாதான் அதைப் புரிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அத்தா கடை திறக்கமாட்டார். அடையாற்றங்கரையில் கோட்டூர்புரம் பக்கம் ஆர்டர் பார்க்கப் போகிறேன் என்று போய், பொழுது சாய்ந்து மஃரிப் நேரத்துக்குத்தான் வருவார். கடைசி மூன்று நான்கு வருடம் அதுதான் வழக்கம். அங்கிருந்து ஒரு ஆர்டரும் வந்ததில்லை என்பது அம்மாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

"அவன் புள்ளைக்கு உன் பேர வெச்சிக்கீறான்," என்றாள் அம்மா. "அவரு மட்டும் போய்ப் பாத்துக்கினு வந்துக்கீறாரு. எனக்கு மட்டும் அவன் செத்துட்டவனா?"

அவள் அழவில்லை. அதுதான் ஃபிசாவுக்கு அச்சமாக இருந்தது. அன்றிரவு சுவரில் மாட்டியிருந்த அத்தாவின் தொப்பியை அம்மா கழற்றி அலமாரிக்குள் போட்டாள். மறுநாளிலிருந்து ஒரே கேள்விதான். எப்போது போகலாம்?

ஆற்றங்கரையில் அந்த வீடுகள் இப்போது இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பஸ் பிடித்துப் போனார்கள். ஒரே மாதிரிக் கட்டடங்கள் வானம்வரை வரிசையாக நின்றன. முதல் கட்டடத்தில் ஹம்மாத் என்ற பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. எலக்ட்ரீஷியன் என்றால் மூன்று பேரைக் காட்டினார்கள். மூவரும் அவன் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்த பெண்களிடம் ஃபிசா கடைசியாக, ஆற்றங்கரையில் பேசும் மைனா வைத்திருந்த வீட்டுக்காரர்களைத் தெரியுமா என்று கேட்டாள்.

ஒருத்தி குடத்தை இறக்கி வைத்தாள். "கதவ தொற, கதவ தொறன்னு கூப்ட்டுக்கினே கெடக்குமே, அதுவா? ஐயோ, அத நாங்க செத்தாலும் மறக்க மாட்டோம். ஊட்டுல ஆரும் இல்லாதப்ப கூப்டும். நாங்க புள்ளைங்கள அந்தப் பக்கம் உடவே மாட்டோம்." எதிர்க் கட்டடத்தின் ஐந்தாவது மாடியைக் கைகாட்டினாள்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. அம்மா ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறினாள். ஒரு கதவு பாதி திறந்திருந்தது. ஃபிசா தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பதினாலு வயது இருக்கும். ஹம்மாத்தின் மூக்கு. அம்மா அவள் பெயரைக் கேட்டாள். ஃபிசா என்று அவள் சொன்னதும் அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஹம்சா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஹம்மாத் வேலையிலிருந்து மதியம் வந்தான். தலை நரைத்திருந்தான். அவனும் அம்மாவும் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை ஃபிசா யாரிடமும் விவரித்ததில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அவன் நடந்ததைச் சொன்னான்.

குழந்தை பிறந்து ஒரு வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை அத்தா சின்ன மெத்தை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரை வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். யார் சொல்லி வந்தார் என்று தெரியாது. உள்ளே வரவில்லை. அதன் பிறகு வாராவாரம் வருவார். மூடிய கதவுக்கு வெளியே நின்று குழந்தையை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவள் எழுந்து நிற்கக் கற்றதும், தாழ்ப்பாளைத் தள்ளித் திறக்கக் கற்றதும் அப்படித்தான். படியில் உட்கார்ந்து அவளோடு விளையாடிவிட்டுப் போய்விடுவார். அத்தனை வருடத்தில் ஹம்மாத்திடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வயரிங் வேலைக்குப் போன ஒரு வீட்டில் காலி செய்துகொண்டு போகிறவர்கள் கொடுத்த மைனா, அந்தக் கதவுக்கு மேலேதான் தொங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. ஹம்மாத் ராயப்பேட்டைக்கு வந்து, மூடிய கடையைப் பார்த்து, டீக்கடையில் விசாரித்துத் தெரிந்துகொண்டான். கபர்ஸ்தானுக்குப் போய்விட்டு அப்படியே திரும்பிவிட்டான்.

"அத்தாவே வந்துட்டாரு, நீ வரலியே. உனக்குத்தான் என்னப் புடிக்கலன்னு நெனச்சிட்டேம்மா," என்றான்.

அம்மா தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி இருந்தாள்.

அத்தா போன பிறகும் அவர் குரல் வீட்டை விட்டுப் போகவில்லை. மைனா கூப்பிடும். குழந்தை ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தள்ளும். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மூடுவாள். ஒரு வருடம் இது நடந்தது. ஹம்மாத்தால் தாங்க முடியாமல் பறவையை யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றபோது குழந்தை சாப்பிடாமல் கிடந்ததாம்.

வெள்ளம் வந்த விடியற்காலையைப் பற்றிச் சின்ன ஃபிசாவே சொன்னாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. மழையில் எல்லோரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். தாத்தாவை அவள் தாதா என்றாள். தாதா கூப்பிட்டார். எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். வாசற்படி இருந்த இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே வந்து காலைத் தொட்டது. அவள் போட்ட சத்தத்தில்தான் எல்லோரும் எழுந்தார்கள். தெருவையே எழுப்பிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஹம்மாத் பழக்கத்தில் கதவைத் தாழிட்டுவிட்டு ஓடினான். கூண்டை எடுக்க நேரமில்லை.

மைனாதான் கூப்பிட்டிருக்கும் என்றாள் பெரிய ஃபிசா.

"இல்ல அத்தை. ராத்திரியில அது வாயே தொறக்காது. துணி போட்டு மூடிதான் வெப்போம். அன்னிக்கும் மூடிதான் இருந்திச்சி."

ஹம்சா அதை ஆமோதித்துத் தலையாட்டினாள். பேச்சை மாற்றுவதற்காகத்தான் ஃபிசா போனை எடுத்தாள். சின்னவளுக்குக் கேட்க வேண்டுமா என்று கேட்டாள். அவள் கேட்க வேண்டும் என்றாள்.

சீழ்க்கை வந்தது. பிறகு குரல். சின்ன ஃபிசா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்துபோய், சாத்தியிருந்த கதவை அகலத் திறந்தாள். போனில் குழந்தை சிரித்தது. கதவுக்கு வெளியே நீண்ட தாழ்வாரம் வெயிலில் காலியாகக் கிடந்தது. ஐந்து பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹம்மாத்தான் போய் மகளின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தான். தான் எழுந்துபோனதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று அம்மா ராயப்பேட்டைக்குத் திரும்பவில்லை. ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றவள், இப்போது பாதி மாதம் அங்கே, பாதி மாதம் இங்கே. ஃபிசா சனிக்கிழமைதோறும் பெரும்பாக்கம் போகிறாள். அண்ணன் மகளுக்கு அறிவியல் பாடம் சொல்லித்தருகிறாள். பள்ளியில் அடுத்த சுற்றுலாவுக்கும் அவளையே பொறுப்பாகப் போட்டார்கள். அடையாறு வேண்டாம் என்று மட்டும் சொன்னாள், காரணம் சொல்லவில்லை.

அத்தாமீது அம்மாவின் கோபம் ஆறவில்லை. வருடாவருடம் அவர் நினைவு நாளில் வீட்டில் ஃபாத்திஹா ஓதிச் சாப்பாடு போடுவது வழக்கம். இந்த வருடம் செய்யமாட்டேன் என்று அடித்துச் சொன்னாள். தன்னிடமிருந்து மகனைப் பறித்துக்கொண்டு, தான் மட்டும் ரகசியமாகப் போய் அனுபவித்தவருக்கு எதற்கு என்றாள். ஃபிசா வாதாடவில்லை. ஆனால் நாள் நெருங்கியதும் அம்மா தானாகவே அரிசி ஊறப்போடச் சொன்னாள். ராயப்பேட்டையில் அல்ல, பெரும்பாக்கத்தில். ஹம்மாத்தும் அக்கம்பக்கத்து ஆண்களும் பிரியாணி தேக்சாவைப் படியில் ஏற்றுவதற்குள் வேர்த்து வழிந்துவிட்டார்கள். ஆற்றங்கரையிலிருந்து வந்த குடும்பங்கள் எல்லாம் வந்து சாப்பிட்டன. எதற்கான விருந்து என்று ஒரு பெண் கேட்டாள். அம்மா அவள் தட்டில் இன்னொரு துண்டு கறியை வைத்துவிட்டு அடுத்தவருக்குப் பரிமாறப் போய்விட்டாள்.